வாட்ஸ்அப் குழுவா, கோபோ படிவமா?

தேனி மாவட்டம் கம்பத்தில் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மருத்துவ முகாம் நடத்தும் சின்ன அமைப்பு எங்களுடையது. யாருக்கு என்ன பிரச்சினை, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்ற கணக்கை எதில் வைப்பது?

வாட்ஸ்அப்பை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். முகாம் தேதியைச் சொல்ல அதுதான் சுலபம், எழுதச் சிரமப்படும் அக்காமார்கூடக் குரல் பதிவு அனுப்பிவிடுவார்கள். ஆனால் விவரம் சேகரிக்க அதை நம்பாதீர்கள். ரத்த அழுத்தக் கணக்கைக் குழுவில் போட்டு, பிறகு காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேடி, மறுபடி பார்க்க வேண்டிய இரண்டு பேரை விட்டுவிட்டோம். அது இன்னும் உறுத்துகிறது. ஒருத்தருடைய நோய் குழுவில் உள்ள எல்லோர் கண்ணிலும் படுவதும் தப்பு.

கோபோ டூல்பாக்ஸ் வேறு மாதிரி. அது படிவம் வழியாக விவரம் சேகரிப்பதற்கென்றே உள்ள கருவி. படிவத்தை ஆண்ட்ராய்டு போனில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் சிக்னலே இல்லாத தோட்டத்திலும் நிரப்பலாம், மலையிறங்கி நெட் கிடைத்ததும் அனுப்பலாம். ஒரே படிவத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் வைக்கலாம் என்பது எல்லையில் வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய வசதி. அப்புறம் எல்லாம் எக்செல் கோப்பாகவே கிடைத்துவிடும். இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு, முதல் படிவம் செய்யக் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

சேதி சொல்ல வாட்ஸ்அப், கணக்குக்கு கோபோ. நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.