பிக்கப் முதுகில் ஒரு கூடு: நான்கு ஆண்டு, 61,000 கிலோமீட்டர்

ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரத்துக்காகக் காரைக்குடியில் வாங்கிய வண்டி, பொலீரோ கேம்பர். கேம்பர் என்பது மாடலின் பெயர்தான், தங்குவதற்கான வண்டி என்று பொருள் இல்லை. முன்னால் ஐந்து பேருக்குக் கேபின், பின்னால் ஒரு டன் ஏற்றும் திறந்த பாடி, அவ்வளவே. 2021 ஆவணியில் அந்தப் பாடியில் படுத்துறங்கும்படி ஒரு கூடு கட்டினோம். இப்போது ஓடுவது இரண்டாவது கூடு.

முதல் கூட்டைப் பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் கட்டக் கொடுத்தேன். இரும்புச் சதுரக் குழாய், தகரம், உள்ளே பிளைவுட் அலமாரி, நின்று உடை மாற்றும் உயரம். பார்க்க அழகாக இருந்தது. எடைமேடையில் ஏற்றியபோது கூடு மட்டும் 330 கிலோ. ஒரு டன் தாங்கும் வண்டிக்கு இது என்ன பெரிது என்றுதான் நானும் நினைத்தேன். டைல்ஸ் ஏற்றினால் பாரம் தாழ்வாக உட்காரும். கூட்டில் பாதிப் பாரம் தலைக்கு மேல் இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் கூடு சாய்வது ஸ்டியரிங்கில் தெரிந்தது. மனைவி மேலே போகும்வரை கைப்பிடியை விடவில்லை. அந்த ஆண்டு ஐப்பசி மழையில் கூரை மூட்டெல்லாம் ஒழுகவும், முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாவது கூடு அலுமினியம். எடை 150 கிலோ. உயரத்தைக் குறைத்துவிட்டோம், உள்ளே சம்மணமிட்டு உட்காரலாம், நிற்க முடியாது. இந்தப் பாரத்தில் வண்டி காலியாக ஓடும்போது குதிக்கிற குதியும் அடங்கி, லீஃப் ஸ்பிரிங் பதமாக வேலை செய்கிறது. பாடியின் நீளம் ஐந்தடிக்கும் குறைவு. அதனால் இரவில் டெயில்கேட்டை இறக்கி அதன்மேல் பலகையை நீட்டிக்கொள்கிறோம்; ஆறரை அடி கிடைக்கிறது. கால்மாட்டில் படுதாவை இறக்கிவிட்டால் போதும்.

அலமாரி வைக்கவே இல்லை. முதல் கூட்டின் அலமாரிக் கதவுகள் வழியெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டே வரும். இப்போது எல்லாம் கொட்டான்களில், அதாவது பனையோலைக் கூடைகளில். ஆத்தா கல்யாணச் சீர் சாமான்களோடு கொண்டுவந்த கொட்டான்கள் பெட்டகசாலையில் சும்மா கிடந்தன. ஒன்றில் மளிகை, ஒன்றில் துணி, சின்னதில் டார்ச்சும் கத்தியும். எடையே தெரியாது, சத்தம் வராது, இடுக்கில் திணித்தால் வளைந்து கொடுக்கும். நான்கு ஆண்டில் ஒன்றின் விளிம்பு மட்டும்தான் பிரிந்திருக்கிறது.

வெக்கைதான் இந்தப் பக்கத்துக்குப் பெரிய சோதனை. வெளிநாட்டு வீடியோக்களில் குளிருக்குக் கட்டுகிறார்கள். சித்திரை வெயிலுக்கு அந்த மூடிய பெட்டி ஆகாது. எங்கள் வீட்டில் நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் உச்சி வெயிலிலும் காற்று ஓடும். சூடான காற்று முற்றம் வழியாக மேலேறிப் போக, நிழலில் கிடக்கும் காற்று உள்ளே வரும். அதையே கூட்டிலும் செய்தோம்: ஒரு பக்கம் தரையை ஒட்டி ஜன்னல், எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி ஜன்னல், இரண்டிலும் கொசுவலை. கூரைக்கு வெள்ளைப் பெயின்ட். சோலார் பேனலைக் கூரையோடு ஒட்டாமல் இரண்டங்குலம் தூக்கி மாட்டியதால் அதுவே இரண்டாவது கூரையாக நிழல் தருகிறது, பேனலுக்கும் அடியில் காற்று கிடைக்கிறது. பேனல் சூடேறினால் மின்சாரம் குறையும். 200 வாட் பேனலில் வெயில் நாளில் எனக்குக் கிடைப்பது 700 வாட் மணி அளவுதான்.

மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கிற ஊரில் பேட்டரி பற்றி விசாரிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. நாலு பேரிடம் கேட்டுவிட்டு 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கினேன். விலை அதிகம். ஆனால் ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், எடையும் அதிகம். 28 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 224 வாட் மணி. மீதி சின்ன ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும். பேட்டரியைக் கூட்டில் வைக்காமல் கேபினில் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், சூட்டுக்குப் பயந்து.

தூசியை நான் எதிர்பார்க்கவில்லை. திருமயம் பக்கம் ஒரு செம்மண் பாதையில் அரை மணி நேரம் போயிருப்போம். இறங்கிப் பார்த்தால் கவுனி அரிசிச் சட்டியின் மூடி மேல் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு புழுதி. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் டெயில்கேட் இடுக்கு புழுதியை உறிஞ்சிக்கொள்கிறது. ரப்பர் பீடிங் மட்டும் போட்டுப் பலனில்லை. கூரையின் முன்பக்கம் வடிகட்டியோடு சின்னத் திறப்பு வைத்து, ஓடும்போது காற்றை உள்ளே தள்ளவிட்ட பிறகுதான் நின்றது.

கேஸ் சிலிண்டர் 5 கிலோ. சமையல் வெளியில்தான். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் இடத்தில் அடித்தகட்டிலேயே ஓட்டை போட்டிருக்கிறேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. அதனால் எதையும் வெல்டு வைக்காமல் நான்கு கிளாம்பில் நிறுத்தியிருக்கிறோம். ஷெட்டில் பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்குகிறது. நானும் மைத்துனரும் சேர்ந்தால் இருபது நிமிடத்தில் கூடு தரையில். வண்டி மறுபடி டைல்ஸ் ஏற்றப் போய்விடும். ஓடும்போது கூட்டுக்குள் யாரையும் உட்கார வைப்பதில்லை.

தங்குமிடம் பெரும்பாலும் பெட்ரோல் பங்க், கேட்டுவிட்டுத்தான். பெண்களுக்குக் கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று மனைவி பார்த்துச் சொன்ன பிறகே எஞ்சினை அணைப்பேன். தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள். ராமேஸ்வரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த உப்புக் காற்றில் இரும்புக் கீல்கள் ஒரே ஆண்டில் பொரிந்தன, 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன்.

இதுவரை கேபினின் பின்சீட்டில் சுருண்டு தூங்கிய பையன் இப்போது ஐந்தடி எட்டு அங்குலம். கூரை மேல் விரிக்கும் கூடாரம் வாங்கலாம் என்கிறான். 50 கிலோவுக்கு மேல் வருகிறது, அதுவும் உச்சியில். தரையில் அடிக்கும் கூடாரம் ஒன்றை வாங்கி, பெரிய கொட்டானில் மடித்து வைத்திருக்கிறேன். தையில் கொல்லிமலை போகும்போது விரித்துப் பார்க்க வேண்டும்.