தனிக் கணக்கா, மறையாக்கப் பெட்டகமா?

வீட்டில் ஒரே கணினியை நால்வர் பயன்படுத்தும்போது, வருமான வரிப் படிவம், மருத்துவ அறிக்கை போன்ற கோப்புகளைக் காக்க இரண்டு வழிகள் கைவசம் உள்ளன: விண்டோஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கு, அல்லது வெராகிரிப்ட் போன்ற மென்பொருள் உருவாக்கும் மறையாக்கப் பெட்டகம், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்புகளை மாற்றிப் பூட்டி வைக்கும் இடம்.

தனிக் கணக்கு அமைப்பது சில நிமிட வேலை. பிள்ளைகளின் கண்ணில் படாமலிருக்க அதுவே போதும். ஆனால் நிர்வாகி (அட்மின்) உரிமை உள்ளவர் எச்சரிக்கைப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாலே அடுத்தவர் கோப்புறை திறந்துவிடும்; வட்டு மறையாக்கம் செய்யப்படாதிருந்தால், லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை இயக்குபவருக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது.

வெராகிரிப்ட் 256 பிட் ஏஇஎஸ் என்னும் மறையாக்க முறையில் பூட்டுவதால், வட்டையே கழற்றிச் சென்றாலும் பொருளற்ற குவியல்தான் மிஞ்சும். கடவுச்சொல்லை மறந்தால் உரியவருக்கும் அதே கதிதான். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: பெட்டகத்தைத் திறந்து ஓர் இயக்ககமாக (டிரைவ்) இணைத்தபின், அதைத் துண்டிக்காமல் பயனரை மட்டும் மாற்றினால், அடுத்தவர் கணக்கிலும் அது திறந்தபடியே கிடக்கக்கூடும்.

என் வீட்டில் மற்ற எவருக்கும் நிர்வாகி உரிமை இல்லை. வரி, மருத்துவக் கோப்புகள் மட்டும் பெட்டகத்தில் இருக்கின்றன, அதன் நகல் ஒன்று வெளிவட்டில் இருக்கிறது.