புதுச்சேரியில் மீனும் சிப்ஸும்: ஓர் ஆங்கில பப் சாப்பாட்டுக் கடை

புதுச்சேரியில் குரோசானும் விறகடுப்பில் சுட்ட பீட்சாவும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதாலும், அந்தப் பெயரை நம்பியே சுற்றுலாத் தொழில் நடப்பதாலும், ஒயிட் டவுன் எனப்படும் பழைய பிரெஞ்சுப் பகுதியின் உணவகங்கள் ஆங்கிலேயரின் சாப்பாட்டைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’, அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்குத் துண்டுகளும், என்று ஒரு வரி இருந்தால் அதுவே அதிகம். நியாயப்படி இத்தகைய கடை கடலூரில்தான் அமைந்திருக்க வேண்டும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் வாங்கி, 1746 முதல் 1752 வரை சென்னை மாகாணத்தையே அங்கிருந்து ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். ஆனால் கடலூரில் அப்படியொரு கடை இதுவரை என் கண்ணில் படவில்லை. மிஷன் வீதிக்குக் கிழக்கே, பழைய வீடொன்றின் மாடியில் நடக்கும் இந்த உணவகம் பட்டியல் முழுவதையும் பிரிட்டனின் பப் சாப்பாட்டுக்கே, அதாவது அங்குள்ள மதுக்கடைகளில் கிடைக்கும் எளிய சாப்பாட்டுக்கே, ஒதுக்கியிருக்கிறது. குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

இங்கு வருபவர்கள் மூன்று வகையினர். ஆரோவில்லிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தங்கியிருக்கும் ஆங்கிலேயர்கள் ஒரு வகை. பிரிட்டனில் செவிலியராகவோ பொறியாளராகவோ சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய நம்மவர்கள் இன்னொரு வகை. மதுவின் விலைக்காக வார இறுதியில் சென்னையிலிருந்து வந்து இறங்கும் கூட்டம் மூன்றாவது. முதல் இரு வகையினருக்காக மட்டுமே இதை எழுதுகிறேன். வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் வட்டாரத்து லீட்ஸ் நகரில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் மீனும் சிப்ஸும் விற்கும் கடை வரிசையில் நின்ற பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஏக்கம் உள்ளவர்கள் இங்கு எதிர்பார்ப்பது உயர்ந்த சமையலை அல்ல, சில சிறிய விஷயங்கள் சரியாக இருப்பதை மட்டுமே.

முதலில் மீன். பிரிட்டனில் இதற்குப் பயன்படும் காட், ஹேடாக் ஆகிய இரண்டும் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழ்பவை. வங்கக் கடலில் அவற்றைத் தேடிப் பயனில்லை. ஆகவே நம் ஊர் உணவகங்களில் பெரும்பாலானவை உறைந்த நிலையில் வரும் பாசா மீனின் துண்டுகளையே பொரிக்கின்றன. அதில் நீர்ச்சத்து அதிகம் என்பதால், வெளிமாவு முறுகலாவதற்குள் உள்ளிருந்து வரும் நீராவி அதை நமுத்துப்போகச் செய்துவிடும். இந்தக் கடையின் சமையல்காரர் எடுத்துக்கொண்டிருப்பது கொடுவா. வஞ்சிரத்தை எடுத்திருந்தால் கெட்டிருக்கும், ஏனெனில் அது வட்டத் துண்டாக வெட்டி மசாலா தடவி வறுப்பதற்கு உரிய இறுகிய சதை கொண்ட மீன். கொடுவாவோ வெந்ததும் அகன்ற வெள்ளை இதழ்களாகப் பிரிகிறது, தனக்கென வலுவான வாசனை எதையும் கொண்டிருப்பதில்லை; காட் மீனை நினைத்து ஏங்குபவரை ஆறுதல்படுத்த இக்கரையில் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில் வளர்ப்புக் கொடுவாவைப் பயன்படுத்துவதாகப் பரிமாறுபவர் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையைப் பாராட்டியே ஆக வேண்டும்.

மேல்மாவு மைதாவும் சிறிது அரிசி மாவும் சேர்த்து, குளிர்ந்த பியரில் கரைத்தது. பியரிலுள்ள வாயு சூடான எண்ணெயில் விரிந்து மாவைக் குமிழ்களாக உப்பவைப்பதால், நம் பஜ்ஜியின் மென்மைக்கு நேர்மாறாக, தட்டினால் ஒலிக்கும் மெல்லிய ஓடு ஒன்று மீனைச் சுற்றி உருவாகிறது. ஓட்டுக்கும் மீனுக்கும் இடையே வேகாத மாவுப் பசை ஒட்டியிருக்கவில்லை, எண்ணெய் சரியான சூட்டில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. யார்க்‌ஷயரில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் மீனைப் பொரிப்பார்கள், இங்கே சூரியகாந்தி எண்ணெய். அந்தக் கொழுப்பின் கனத்த மணம் இதில் வராது. அதைக் குறையாகச் சொல்வது முறையும் ஆகாது.

சிப்ஸ் அப்படியல்ல, அது மன்னிக்க முடியாத குறை. மீனுக்கு இவ்வளவு சிரமப்பட்ட சமையலறை, தட்டின் மறுபாதியை உறைந்த பொட்டலத்திலிருந்து எடுத்த மெல்லிய குச்சிகளால் நிரப்பியிருக்கிறது. பர்கர் கடைகளில் கிடைக்கும் அதே குச்சிகள்தாம்; மேலே பூசிய மாவினால் கடைசிவரை மொறுமொறுவென்றே இருக்கின்றன. பிரிட்டனின் சிப்ஸ் விரல் பருமனுக்குக் கையால் வெட்டப்பட்டது, உள்ளே மாவாக நெகிழ்ந்து, வினிகரை உறிஞ்சிக்கொண்டு சற்றே தொய்ந்து கிடப்பது. உருளைக்கிழங்கை முதலில் 140 டிகிரி வாக்கில் வேகும்வரை பொரித்து, ஆறவிட்டு, பரிமாறும் முன் 180 டிகிரிக்கு மேல் மறுபடி பொரித்தால் அது கைகூடும். குளிர்பதனக் கிடங்கில் நெடுநாள் இருந்த கிழங்கில் சர்க்கரை சேர்ந்துவிடுவதால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் புதிதாக இறங்கும் ஊட்டிக் கிழங்கு பெரிய மார்க்கெட்டில் கிடைக்கும் ஊரில், 620 ரூபாய் வாங்கும் ஒரு தட்டுக்கு அந்தச் சமாதானத்தை ஏற்க இயலவில்லை.

வினிகர் விஷயத்திலும் இதே அலட்சியம். மேசையில் இருந்தது அசெட்டிக் அமிலத்தை நீர்த்துச் செய்த நிறமற்ற செயற்கை வினிகர், நூடுல்ஸ் கடைகளில் பச்சை மிளகாய் ஊறப்போடுவார்களே, அதே வகை. மீனுக்கு வேண்டியது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் பழுப்பு நிற மால்ட் வினிகர். கேட்டபோது உள்ளிருந்து ஒரு சிறிய கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். இருப்பதை ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்று புரியவில்லை. செல்பவர்கள் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

தட்டில் என்னை வியக்க வைத்தது மீன் அல்ல, ஓரத்தில் ஒரு குவியலாக வைத்திருந்த மஷி பீஸ், அதாவது குழைய வேகவைத்த பட்டாணி. உறைந்த பச்சைப் பட்டாணியை வெண்ணெயோடு அரைத்து, மேலே புதினா தூவி இதே பெயரில் கொடுப்பது நட்சத்திர ஓட்டல்களின் வழக்கம். அது வேறு பண்டம். வட இங்கிலாந்தில் இதற்கென்றே காய்ந்த பெரிய பட்டாணியை இரவு முழுவதும் சமையல் சோடா கலந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் தானாகக் குழையும்வரை வேகவைப்பார்கள். “பட்டாணி எங்கே வாங்குறீங்க, அண்ணே?” என்று சமையல்காரரிடம் கேட்டேன். “பீச்சில சுண்டலுக்குப் போடுறதுதான் சார், மளிகைக் கடையில கிலோ கணக்குல கிடைக்குது” என்றார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் லீட்ஸ்தான். இறக்குமதிப் பொருளைத் தேடி அலையாமல், பக்கத்தில் கிடைப்பதை முறை பிசகாமல் சமைத்தபோதெல்லாம் இந்தக் கடை வென்றிருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்தபோதெல்லாம் தோற்றிருக்கிறது. பட்டியலின் மற்ற வரிகளையும் இந்தக் கணக்கை வைத்தே ஊகிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஷெப்பர்ட்ஸ் பை. பிரிட்டனில் செம்மறி ஆட்டின் கொத்துக்கறியை வதக்கி, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி, பொன்னிறமாகச் சுடுவார்கள். மாட்டுக்கறியில் செய்தால் அதன் பெயர் காட்டேஜ் பை. இங்கே வெள்ளாட்டுக் கொத்துக்கறி. வாசனை சற்றுத் தூக்கல் என்றாலும், நீண்ட நேரம் வேகவிட்டு வூஸ்டர் சாஸ் சேர்த்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். 1837 முதல் விற்பனையில் இருக்கும் அந்த ஆங்கிலச் சாஸில் நெத்திலி இன மீனும் புளியும் சேர்கின்றன என்பதை நினைத்தால், அது நம் நாக்குக்கு அந்நியமாகப் படாததில் வியப்பில்லை. கிராம்பின் கை மட்டும் ஓங்கியிருக்கிறது. காரமும் வாசனையும் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கட்டும் என்று தூக்கலாகப் போடுகிறார்களாம். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சுவை தேவையென்றால் அவர்கள் வேறு கடைக்குப் போவார்கள்.

தொத்திறைச்சியும் மசித்த கிழங்கும் வேண்டவே வேண்டாம். ஆங்கிலத் தொத்திறைச்சியில் காய்ந்த ரொட்டித்தூள் கலந்திருப்பதால் அது மிருதுவாக இருக்கும். இங்கே கிடைப்பது புகையூட்டிய, ரப்பர் போன்ற வேறு வகை. மேலே ஊற்றும் வெங்காயக் கிரேவியும் பொடியில் கரைத்ததுதான்.

மதிய வேளையில் கிடைக்கும் ப்ளோமேன்ஸ் லஞ்ச், அதாவது ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் வைத்த குளிர்ந்த தட்டு, விலையிலும் தரத்திலும் நிறைவானது. உழவர்களின் பழங்கால உணவு போலத் தோன்றினாலும், இந்தப் பெயரில் இதைப் பப்புகளில் பரப்பியவர்கள் 1950களிலும் 60களிலும் பாலாடைக்கட்டி விற்பனையைக் கூட்ட முனைந்த அமைப்புகள்தாம். ஆரோவில்லில் தயாரான கெட்டிப் பாலாடைக்கட்டி, செடார் என்ற ஆங்கிலப் பாலாடைக்கட்டி அளவுக்கு முற்றாவிட்டாலும் நன்றாக இருக்கிறது. பிரிட்டனில் கொடுக்கும் இனிப்பும் புளிப்புமான கறுப்பு ஊறுகாய்க்குப் பதிலாக, வெல்லம் சேர்த்த மாங்காய்த் தொக்கை வைத்திருக்கிறார்கள். என்னோடு வந்த ஆங்கில நண்பர் இதைத் தன் வீட்டுக்கும் வாங்கிப்போக முடியுமா என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டுக்கு, அதாவது சுட்ட இறைச்சியை மையமாகக் கொண்ட சாப்பாட்டுக்கு, முன்பதிவு தேவை. கோழி நன்றாக வெந்திருந்தது. யார்க்‌ஷயர் புட்டிங் மட்டும், அதாவது மாவும் முட்டையும் பாலும் கரைத்துச் சுட்டு ரோஸ்ட்டோடு வைக்கும் இனிப்பில்லாத பண்டம் மட்டும், முன்னதாகவே சுட்டு வைத்தது; புகையும் கொழுப்பில் மாவை ஊற்றி அடுப்பிலிருந்து எடுத்தவுடன் தட்டுக்கு வந்தால்தான் அதன் உப்பல் நிற்கும். ஒரு மணிக்கு முன்பே போனால் உப்பியிருப்பது கிடைக்க வாய்ப்புண்டு.

பியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பப்பின் பாதாள அறையிலிருந்து 12 டிகிரி வாக்கில் வரும், நுரை குறைந்த கசப்பு ஏல் வகை பியர் இங்கே கிடையாது. நம் ஊரில் வழக்கமான, பனிபோல் குளிர்ந்த லாகர் வகைதான். 568 மில்லி பைண்ட் கோப்பைகள் மட்டும் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

பரிமாறும் இளைஞர்கள் பணிவானவர்கள். ஆனால் சனிக்கிழமை இரவில் மீன் தட்டு வர முக்கால் மணி நேரம் ஆகிறது, இசையின் சத்தத்தில் பேசவும் முடிவதில்லை. வார நாட்களின் மதியமே உகந்தது. மாலையில் கடற்கரைச் சாலை வாகனங்களுக்கு மூடப்படுவதால் சுற்றியுள்ள தெருக்களில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம், ஆகவே மிஷன் வீதிப் பக்கமே நிறுத்திவிட்டு நடப்பது எளிது. மாடிப்படி செங்குத்தானது. மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வதாக முன்கூட்டியே சொன்னால், கீழே முற்றத்தில் மேசை போட்டுத் தருகிறார்கள்.