சபைப் பிரிவுகளைப் பற்றிய ஓர் இணைய வகுப்பு: என் மதிப்பீடு

கிறிஸ்தவ சபைகள் ஏன் பிரிந்தன, மறுபடி சேர என்ன முயற்சி நடக்கிறது என்று சொல்லித்தரும் இணைய வகுப்பு ஒன்றை முடித்திருக்கிறேன். வீடியோ பாடங்கள், வாசிக்க மூல ஆவணங்கள், வாரம் ஒருமுறை கலந்துரையாடல். சேரலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். குறைகளையும் சொல்கிறேன்.

ஒவ்வொரு சபையைப் பற்றியும் அந்தச் சபைக்காரரே பாடம் எடுக்கிறார். இதுதான் இந்த வகுப்பின் பெரிய பலம். கிறிஸ்து கடவுளும் மனிதருமாக இருப்பது எப்படி என்று தீர்மானிக்க 451இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் பொதுச்சங்கத்தை ஏற்காத கோப்டிக், சிரியன், ஆர்மீனிய சபைகளைப் பிரிந்துபோனவர்கள் என்றே படித்திருந்தேன். பாடம் நடத்திய கோப்டிக் துறவியோ தம் சபை எங்கேயும் போகவில்லை, அன்றிருந்த விசுவாசத்தில்தான் இன்றும் நிற்கிறது என்கிறார். அதைக் கேட்டபிறகு, 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கோப்டிக் தலைவர் மூன்றாம் ஷெனூதாவும் கிறிஸ்துவைப் பற்றிய விசுவாசத்தைச் சேர்ந்து அறிக்கையிட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்தது.

மேற்கே ரோமும் கிழக்கே கான்ஸ்டான்டிநோபிளும் பிரிந்த 1054 பற்றிய பாடம் சுமார்தான். ரோமின் தூதர்கள் பலிபீடத்தின்மேல் வைத்த சபைநீக்கச் சாபக் கடிதத்தைப் பற்றியே பேசிவிட்டு, 1204இல் சிலுவைப்போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். சாபங்களை இருதரப்பும் 1965இலேயே நீக்கிவிட்டன. சூறையாடலின் வடுதான் ஆழமானது.

எனக்கு மிகவும் உதவியது 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும், மனிதர் கடவுள் முன் நீதிமானாக்கப்படுவது எப்படி என்பது குறித்துக் கையெழுத்திட்ட கூட்டறிக்கை பற்றிய பாடம். மொத்தம் 44 பத்திகள். முழுவதையும் வாசிக்க வைக்கிறார்கள். நீதிமானாக்கப்பட்டவர், அதாவது பாவம் மன்னிக்கப்பட்டுக் கடவுளால் ஏற்கப்பட்டவர், இன்னமும் பாவிதானா? இந்தக் கேள்விக்கு முதலில் இருவரும் சேர்ந்து சொல்லக்கூடியது வருகிறது. அடுத்து ஆம், ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்தான் என்ற லூத்தரன் விளக்கம். அப்புறம், உள்ளே மிஞ்சியிருக்கும், பாவத்தை நோக்கிய நாட்டத்தை அப்படியே பாவம் என்று சொல்லாத கத்தோலிக்க விளக்கம். வித்தியாசத்தை மறைக்கவே இல்லை. ஆனாலும் இந்த அறிக்கை விளக்கும் போதனைக்கு 16ஆம் நூற்றாண்டில் இருதரப்பும் ஒருவர்மேல் ஒருவர் விதித்த கண்டனங்கள் பொருந்தாது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பின்னர் 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளும் இதில் இணைந்தார்கள்.

நான் லூத்தரன், என் கணவர் கத்தோலிக்கர். அவருடைய ஆலயத்தில் நற்கருணை நேரத்தில் அவர் எழுந்து போவார், நான் உட்கார்ந்திருப்பேன். கூட்டறிக்கை வந்தபிறகும் அது ஏன் மாறவில்லை என்பதைப் பாடம் நேர்மையாகச் சொல்கிறது: குருத்துவம், திருச்சபை என்பது எது ஆகியவற்றில் உடன்பாடு இன்னும் வரவில்லை. எனக்கு வலித்தது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பூசி மெழுகியிருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

இனி குறைகள். தென்னிந்தியத் திருச்சபையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பேராயர் உள்ள ஆங்கிலிக்கன் சபையும் பேராயர் இல்லாத சபைகளும் 1947இல் ஒரே சபையானதை விட்டுவிட்டு ஒன்றிப்பைப் பற்றி எப்படிப் பேசுவது? பெந்தெகொஸ்தே சபைகளுக்குக் கடைசியில் ஒரு சின்னப் பாடம். கத்தோலிக்கர்களுடன் அவர்கள் 1972 முதல் நடத்திவரும் உரையாடல் அதில் வரவே இல்லை. தேர்வுகளும் வெறும் ஆண்டுகளைத்தான் கேட்கின்றன.

கலந்துரையாடலை மட்டும் தவறவிடாதீர்கள். வேறு சபைக்காரர் நம் சபையைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு, அது சரிதானா என்று நாம் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது வீடியோவில் கிடைக்காது.