செங்கோட்டை–புனலூர் ரோட்டில் பஞ்சர்: ஸ்ட்ரிப்பும் மஷ்ரூமும் எப்படி?

புளியரை செக்போஸ்ட் தாண்டி கோட்டைவாசல் ஏற்றம், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வழியாகப் புனலூர் போகிற தேசிய நெடுஞ்சாலை 744-ல் காரின் ட்யூப்லெஸ் டயரில் (உள்ளே ட்யூப் இல்லாதது) ஆணி ஏறினால் இரண்டு விதமான வேலை கிடைக்கும். ரோட்டோரக் கடையில் டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து ஸ்ட்ரிப் (பிசுபிசுப்பான ரப்பர்த் திரி) சொருகி, கால்மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்கள். டயர் மெஷின் வைத்திருக்கிற கடையில் டயரை டிஸ்கிலிருந்து (சக்கரத்தின் உலோக வளையம்) பிரித்து உள்பக்கமாக மஷ்ரூம், அதாவது தண்டும் குடையுமாகக் காளான் வடிவில் இருக்கிற ரப்பர் ஒட்டு வைப்பார்கள். ஸ்ட்ரிப்புக்கு 100, 150 ரூபாய். மஷ்ரூமுக்கு இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஸ்ட்ரிப் வீடு சேர்க்கிற வேலை. டயர் தேய்கிறவரை நிற்க வேண்டுமென்றால் மஷ்ரூம்தான். ஆனால் இரண்டிலுமே கெட்ட வேலை நிறைய நடக்கிறது, பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் ஆணியைப் பிடுங்க விடாதீர்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புது டயரில் பட்டன் (தரையைத் தொடுகிற ரப்பர்க் கட்டைகள்) ஆழமே 7, 8 மி.மீ. இருக்கும்; அதற்குக் கீழே ரப்பர், இரும்புக் கம்பி அடுக்கு எல்லாம் உண்டு. செருப்பு ஆணி மாதிரி குட்டை ஆணி பல நேரம் உள்ளே எட்டியே இருக்காது. குமிழ் வரவில்லையென்றால் பிடுங்கிவிட்டு மறுபடி ஒருமுறை சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். அதற்கே ஸ்ட்ரிப் போட்டுக் காசு வாங்குகிற கடைகளும் உண்டு. ஷீட் கூரைக்கு அடிக்கிற ஸ்க்ரூ என்றால் கதை வேறு, அது பெரும்பாலும் உள்ளே போயிருக்கும்.

பின் டயரில்தான் அடிக்கடி ஏறும். படுத்துக் கிடக்கிற ஆணியை முன் டயர் தட்டி நிமிர்த்தும், பின் டயர் வாங்கிக்கொள்ளும். சாரல் நாளில் இன்னும் மோசம்: ஈரம் பட்ட ரப்பரில் ஆணி வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஸ்ட்ரிப் வேலையில் பார்க்க வேண்டியது ரீமர். முறுக்கு முறுக்காகப் பல் வைத்த அந்தக் கம்பியை, ஆணி எந்தச் சாய்வில் போனதோ அதே சாய்வில் விட்டு, மேலும் கீழுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை இழுக்க வேண்டும். நேராகக் குத்தினால் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புது ஓட்டை விழும், ஸ்ட்ரிப் ஒன்றை அடைக்க மற்றதில் காற்று கசியும். ரீமர் போய்வரும்போது ‘கரகர’வென்று கம்பி உரசுகிற சத்தம் கேட்கும். அறுந்த கம்பி முனைகளைத் தேய்த்து மழுக்கவில்லையென்றால் அதுவே நாளடைவில் ஸ்ட்ரிப்பை அறுக்கும். பிறகு ஊசிக் கண்ணில் ஸ்ட்ரிப்பை நடுவாகக் கோத்து, சொல்யூஷன் (ரப்பர் பசை) தடவி அழுத்தி, இரண்டு முனையும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்போது வெடுக்கென்று இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். மிச்சத்தை டயரோடு ஒட்ட வெட்டக்கூடாது, 2, 3 மி.மீ. விட்டு வெட்டணும். மழையில் நனைந்த ஓட்டையைத் துணி, காற்று வைத்து உலர்த்தாமல் சொருகினால் சொல்யூஷன் பிடிக்காது. அன்றைக்கு நிற்கும், நாலு நாளில் அழுத்தம் இறங்கும்.

மஷ்ரூம் வைக்கச் சொன்னால், “எதுக்கு அண்ணாச்சி, ஸ்ட்ரிப்பே போதும்” என்பார்கள். போதாது என்பதற்குக் காரணம் டயருக்குள் இருக்கிறது. ஸ்ட்ரிப் ஓட்டையை மட்டும் அடைக்கும். உள்சுவரில் காற்று தாங்குகிற மெல்லிய ரப்பர் படலத்தை மூடாது. மஷ்ரூமின் தண்டு ஓட்டையை நிரப்பும், குடை அந்தப் படலத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கம்பி அடுக்குக்குள் இறங்கித் துருப்பிடிப்பதையும் தண்டு தடுக்கும். இன்னொரு லாபம், டயரைப் பிரித்தால்தான் உள்ளே பார்க்க முடியும். காற்றில்லாமல் ஓடிய டயர் என்றால் உள்ளே மிளகுத்தூள் மாதிரி கறுப்பு ரப்பர் துகள் கொட்டிக் கிடக்கும், பக்கச்சுவரில் வட்டமாகத் தேய்ந்த கோடு தெரியும். அந்த டயரை ஒட்டவே கூடாது. வெளியில் பார்த்தால் புதுசாகத்தான் இருக்கும், காற்றும் நிற்கும். நெடுஞ்சாலை வேகத்தில் பக்கச்சுவர் கிழியும்.

வேலை முறை இதுதான். பிரிக்கும் முன் வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸ் கோடு போடணும். திரும்ப அதே இடத்தில் மாட்டினால் பேலன்ஸ் அதிகம் மாறாது. குடை அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, சொல்யூஷன் தடவி, காய விடணும். அவசரம் காட்டுகிற இடம் இதுதான். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டணும், ஈரம் வரக்கூடாது. சாதாரணமாக 3 முதல் 5 நிமிடம், தென்மலைப் பக்க ஈரக்காற்றில் இன்னும் கூட ஆகும். தீக்குச்சி கிழித்துக் காய வைக்கிற பழைய ட்யூப் கடைப் பழக்கத்தை இங்கே அனுமதிக்காதீர்கள், உள்படலம் கருகும். தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, பல்சக்கர உருளையால் குடையை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டணும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். மெஷின் இல்லாமல் லிவர் போட்டு நெம்புகிற கடையில் அலாய் வீலைக் கொடுக்க வேண்டாம். டிஸ்க் விளிம்பில் கீறல் விழுந்தால் பஞ்சர் ஒட்டிய பிறகும் பீட் (டிஸ்க் விளிம்பில் உட்காருகிற டயர் ஓரம்) வழியாகக் கசியும், ஆணியைத் திட்டிப் பயனில்லை.

எங்கே ஒட்டவே கூடாது என்பதில் எந்தக் கடைக்காரர் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. பட்டன் உள்ள நடுப்பகுதி, 6 மி.மீ.க்கு மிகாத ஓட்டை, அதுவே எல்லை. தோள்பட்டையிலும் (பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்குகிற வளைவு) பக்கச்சுவரிலும் ரப்பர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிவதால் எந்த ஒட்டும் நிற்காது. “ட்யூப் போட்டு ஓட்டுங்க” என்றால் அது டயர் கடை வரை போய்ச் சேர மட்டும்.

காரில் வைத்துக்கொள்கிற ட்யூப்லெஸ் கிட்டில் பிளாஸ்டிக் பிடி உள்ளதை வாங்காதீர்கள், ரேடியல் டயரின் கம்பி அடுக்கில் பிடி முறுக்கிக்கொண்டு கையோடு வரும். T வடிவ உலோகப் பிடி வேண்டும். சொல்யூஷன் ட்யூப்பைத் திறந்துவிட்டால் சில மாதத்தில் காய்ந்துவிடும், ஒன்று கூடுதலாக வையுங்கள். 12 வோல்ட் காற்றுப் பம்பு என்றால் இன்ஜினை ஓடவிட்டுப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் பம்பு சூடேறி நின்றுவிடும். வால்வு வழியாக ஊற்றுகிற திரவ சீலன்ட் இந்த ரோட்டுக்குத் தேவையில்லை. அதை ஊற்றிய டயரைச் சுத்தமாகத் துடைக்காமல் மஷ்ரூம் வைத்தால் ஒட்டாது, அதனாலேயே பல கடைகளில் கை வைக்க யோசிப்பார்கள்.

காற்று மெதுவாக இறங்குகிற ஆணி என்றால் வளைவில் நிறுத்தி ஜாக்கி போடுவதைவிட, ஆணியோடே காற்றை நிரப்பிக்கொண்டு கீழே கடைக்கு இறங்குவது மேல். எந்தக் கடையானாலும் கடைசியில் வால்வு பின்னிலும் சோப்புத் தண்ணீர் வைத்து, வால்வு மூடியைப் போட்டு வாங்குங்கள். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவுக்குக் காற்று, நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முறுக்கு, 50 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.