சர்வர் வாடகையா, சொந்தமா? மூன்று வழிக்கும் காசு கட்டியவன் சொல்வது

கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு ஆன்லைனில் கோப்பு வைத்துக் கொடுக்கும் சின்ன சேவை நடத்துகிறோம். இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், கடைவீட்டின் மேல் மாடி, கீழே மளிகைக் கடை. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஈப்போ, கோலாகங்சார், தைப்பிங் பக்கத்துப் புகைப்படக்காரர்கள், கூடவே சில டியூஷன் சென்டர்கள், தோட்டத்துக் கோயில் திருவிழாவை வீடியோ எடுக்கும் பையன்கள். கிளவுட் (பெரிய நிறுவனத்தின் சேமிப்பிடத்தில் அளவுக்கேற்பக் காசு), மாத வாடகை சர்வர், சொந்த சர்வர் என்று மூன்றையும் ஓட்டியாகிவிட்டது. எது மலிவு என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வைத்த கோப்பை எத்தனை பேர், எத்தனை தடவை இறக்குவார்கள்?

கல்யாணக் கோப்புக்கு ஒரு குணம் உண்டு. முதல் மாதம் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, சிங்கப்பூரில் இருக்கும் அத்தை, எல்லாரும் அதே வீடியோவை இறக்குவார்கள். அப்புறம் யாரும் தொடமாட்டார்கள், ஆனால் அழிக்கவும் விடமாட்டார்கள். இந்த இரண்டு காலத்துக்கும் ஒரே சர்வர் ஒத்துவராது.

முதலில் கிளவுட். அமேசானின் எஸ்3 என்ற கிளவுட் சேமிப்பில் நாங்கள் ஒரு கோப்பையும் இழந்ததில்லை, பதினொரு ஒன்பது உறுதி (99.999999999 விழுக்காடு கோப்பு பத்திரம்) என்று அவர்கள் விளம்பரம் செய்வதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. பில்தான் சிக்கல். சிங்கப்பூர் வட்டாரத்தில் (அங்கே இருக்கும் அவர்கள் தரவு மையங்களில்) ஜிகாபைட்டுக்கு மாதம் 0.025 டாலர் என்று போட்டால் 10 டெராபைட்டுக்கு 250 டாலர், பரவாயில்லை என்று தோன்றும். அதே 10 டெராபைட்டை வாடிக்கையாளர்கள் ஒரே ஒரு முறை முழுசாக இறக்கினால், ஜிகாபைட்டுக்கு 0.12 டாலர் கணக்கில் சுமார் 1,200 டாலர். வைக்க 250, எடுக்க 1,200! இதற்கு மேல் 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 8 விழுக்காடு சேவை வரி. 2024 ஆகஸ்டில் அமேசான் மலேசியாவிலேயே ஒரு வட்டாரம் திறந்தது, தரவு நாட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அது நல்ல பதில். ஆனால் வெளியே போகும் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் அங்கேயும் மீட்டர் ஓடத்தான் செய்கிறது.

மீட்டர் இல்லாத கடைகளும் உண்டு. கிளவுட்ஃபிளேர் ஆர்2-இல் ஜிகாபைட்டுக்கு 0.015 டாலர், இறக்குவதற்குக் கட்டணமே கிடையாது. பேக்பிளேஸ் பி2, 2023 அக்டோபரில் டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்று விலை வைத்தபோது, வைத்திருக்கும் அளவைப் போல மூன்று மடங்கு வரை இறக்குவதை இலவசமாக்கியது. வசாபியில் மாதக் கட்டணத் திட்டத்தின் சின்ன எழுத்தைப் படியுங்கள், ஒரு கோப்பை மறுநாளே அழித்தாலும் 90 நாள் காசு உண்டு. எங்கள் புகைப்படக்காரர்கள் மாதிரிப் படம் ஏற்றி, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்ததும் பாதியை அழிப்பவர்கள், அந்தத் திட்டம் எங்களுக்கு ஆகாது.

அடுத்து மாத வாடகை சர்வர், அதாவது முழு இயந்திரமும் நமக்கே. ஜெர்மனியில் ஹெட்ஸ்னர் மாதிரி இடங்களில் டிஸ்க் நிறைய, 1 கிகாபிட் இணைப்பில் டிராஃபிக்குக்கு வரம்பும் இல்லை, விலையைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் தரவு இங்கிருந்து அங்கே போய் வர 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது, வீட்டு ஃபைபரில் ஏற்றும் வேகமோ இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒரு 4கே வீடியோவை ஏற்றும் பையன் இரவு முழுக்க லேப்டாப்பை மூடாமல் வைத்திருக்கவேண்டும். கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே நேரத்தில் பல இணைப்புகளில் ஏற்றினால் நிலைமை கொஞ்சம் தேறும்.

அதனால் உள்நாட்டிலேயே ஒரு நிறுவனத்திடம் எடுத்தோம், பெயர் வேண்டாம். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தைப்பூச விடுமுறையில் ஒரு டிஸ்க் போனபோதுதான் அவர்கள் குணம் தெரிந்தது: “பாஸ், ஸ்டாக் இல்லை, திங்கள்கிழமை மாற்றுகிறோம்” என்று வாட்ஸப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். மாற்று டிஸ்க் எத்தனை மணி நேரத்தில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம். இன்னொன்று, வாடகைக்கு எடுத்தால் பேக்கப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற சர்வர் வாடகை நிறுவனத்தின் தரவு மையத்தில் ஒரு கட்டடமே எரிந்து போனது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று.

வாடகையின் பெரிய லாபம் விலையில் இல்லை, திருப்பிக் கொடுக்கலாம் என்பதில்தான். நம் தொழிலில் தையும் ஆவணியும் நெரிசல். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை, சர்வர் சும்மா ஓடும். தைக்கு ஒரு இயந்திரம் கூட எடுத்து, சீசன் முடிந்ததும் விட்டுவிடலாம். சொந்தமாக வாங்கினதை ஆடி மாதம் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

இனி சொந்த சர்வர். நாங்கள் வாங்கியது செகண்ட் ஹேண்ட், கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு கடையில். பெட்டி நன்றாகவே ஓடுகிறது, ஈசிசி மெமரி (பிழையைத் தானே திருத்தும் வகை), இரட்டைப் பவர் சப்ளை எல்லாம் உண்டு. டிஸ்க்கில் மட்டும் கவனம் வேண்டும். “புதுசு மாதிரி” என்று கொடுத்தவற்றில் ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கை) ஓடியது பூஜ்ய மணி என்று காட்டியது, சீகேட் டிஸ்க்கில் தனியாக இருக்கும் ஃபார்ம் என்ற உள்பதிவோ ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டியது. கடைக்காரர் சண்டை போடாமல் மாற்றிக் கொடுத்தார், அதற்கு நன்றி. பெட்டியைப் பழசாக வாங்கலாம், டிஸ்க்கைப் புதுசாக வாங்குங்கள்.

கொள்ளளவுக் கணக்கும் ஏமாற்றும். 16 டெராபைட் டிஸ்க் 12 போட்டால் அட்டையில் 192. ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் இரண்டு டிஸ்க் பழுதானாலும் தாங்கும்படி வைத்தால் கையில் நிற்பது 128. அதற்கு வேறு ஊரில் ஒரு நகல் வேண்டும் என்றால் செலவு இரட்டிப்பு. போன டிஸ்க்குக்குப் பதில் புதியதை நிரப்ப, விநாடிக்கு 200 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் 22 மணி நேரம் ஆகும். பேக்பிளேஸ் வெளியிடும் கணக்கில் 2024-இல் வருடத்துக்கு 1.57 விழுக்காடு டிஸ்க்குகள் பழுதாயின, அந்த விகிதத்தில் 12 டிஸ்க் பெட்டிக்கு ஐந்து ஆண்டில் ஒன்று. பயப்படும் அளவு இல்லை.

சர்வரை ஆபீசிலேயே வைத்தால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். 300 வாட் பெட்டி மாதத்துக்கு 216 யூனிட், யூனிட் ஐம்பது காசு என்றாலும் 108 வெள்ளி, ஏர்கான் தனி. பணத்தைக்கூட விடுங்கள், பேராக்கில் பிற்பகல் இடிமழை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், யூபிஎஸ் அதை ஓரளவுதான் தாங்கும். அதனால் கோலாலம்பூருக்குத் தெற்கே சைபர்ஜெயாவில் ஒரு தரவு மையத்தில் ரேக் (சர்வர் வைக்கும் அலமாரி இடம்) எடுத்தோம். கரண்ட், குளிர், இணைப்பு எதிலும் குறையில்லை. தூரம்தான் தொல்லை, ஒரு கேபிள் கழன்றாலும் போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது அங்கே இருக்கும் ஆளுக்கு மணிக்கணக்கில் காசு. ஐபிஎம்ஐ (தூரத்திலிருந்தே சர்வரை அணைத்து ஏற்றிக் கட்டுப்படுத்தும் வசதி) இல்லாத சர்வரை அங்கே கொண்டுபோய் வைக்கவே வைக்காதீர்கள்.

ஆன்லைனில் கோப்பு வைத்துக் கொடுக்கும் டிராப்பாக்ஸைப் பார், சொந்த சர்வருக்கு மாறி இரண்டு வருடத்தில் 74.6 மில்லியன் டாலர் மிச்சப்படுத்தினார்கள் என்று ஒரு வாதம் வரும். எண் உண்மை, 2018-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அவர்களே எழுதிக் கொடுத்தது. ஆனால் அதற்கு முன் பல வருடம் அமேசானில்தான் இருந்தார்கள், மாறும்போது கையில் 500 பெட்டாபைட், டிஸ்க் மாற்றவே தனி ஆட்கள். நம்மிடம் இருப்பது நானும் என் மச்சானும்.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான்: புதிய கல்யாணம் முதல் மூன்று மாதம் வாடகை சர்வரில், அப்புறம் தானாகச் சைபர்ஜெயாவின் சொந்தப் பெட்டிக்குப் போய்விடும், இரண்டாவது நகல் பி2-இல். வாடகைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம், விடுமுறை நாளில் டிஸ்க் மாற்றுபவர் கிடைத்தால் ஐந்து. சொந்தப் பெட்டிக்கு மூன்று, அதுவும் பழைய கோப்பு சேர்ந்துகொண்டே போகும் தொழிலுக்கு மட்டும். இன்றைக்குத்தான் தொடங்குபவர் என்றால் வாங்காதீர்கள், ஆறு மாதம் வாடகையில் ஓட்டி, எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்ற பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் காட்டி ரேக்குக்கு விலை பேசுங்கள்.