மைன்கிராஃப்ட் பிறந்தநாளுக்கு எந்தக் கைவேலை?

வீடியோ கேம் கருப்பொருளில் பிறந்தநாள் கொண்டாட வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டுவிட்டால், கேக்கும் பலூனும் எளிதில் அமைந்துவிடும். வந்த குழந்தைகளை முக்கால் மணி நேரம் கைவேலையில் ஈடுபடுத்துவதற்குத்தான் யோசனை தேவைப்படுகிறது. அதற்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் வண்ணத்தாள் ஒட்டுச்சித்திரம், அட்டைப்பெட்டித் தலை, உருக்கி ஒட்டும் மணிகள், அச்சிட்டு மடிக்கும் காகிதப் பொம்மை ஆகிய நான்கையும், ஏறக்குறைய பத்துக் குழந்தைகள் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடுகிறார்கள் என்ற கணக்கில் இங்கே ஒப்பிடுகிறேன். செலவு முக்கியம்தான். ஆனால் செய்யும் வேலையில் எவ்வளவு குழந்தையின் கையில் இருக்கிறது, எவ்வளவு பெரியவர் கைக்குப் போய்விடுகிறது என்பதையே நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். வெட்டுவதையும் ஒட்டுவதையும் பெரியவர்களே செய்து முடித்துவிட்டு, குழந்தை கடைசியாக ஒரு கண்ணை மட்டும் ஒட்டும் கைவேலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண்.

மைன்கிராஃப்டை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. சுவீடன்காரரான மார்க்கஸ் பெர்சன் உருவாக்கி, 2011 நவம்பரில் முழுமையாக வெளிவந்த இந்த விளையாட்டில் மண், மரம், மனிதர், விலங்கு எல்லாமே கட்டைகளால் ஆனவை. ஆட்டக்காரரின் முகம் 8-க்கு 8 என்ற கட்டத்தில் அடங்கும் 64 சதுரங்கள்தான். பச்சை நிறத்தில் ஓசையின்றி வந்து வெடிக்கும் கிரீப்பரின் முகத்தையும் அதே 64 சதுரங்களில் அமைத்துவிடலாம். பன்றி ஒன்றை வடிவமைக்கும்போது உயரத்துக்கான அளவும் நீளத்துக்கான அளவும் இடம் மாறிப்போனதில் பிறந்த உருவம் அது என்பதைச் சொன்னால் குழந்தைகள் மிகவும் மகிழ்வார்கள். மற்ற பல விளையாட்டுகளின் பாத்திரங்களைக் காகிதத்தில் செய்தால் அசலைப் போன்ற ஒன்றுதான் கிடைக்கும். இங்கோ குழந்தை 64 சதுரங்களைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால், திரையில் பார்த்த அதே முகம் கையில் வந்துவிடுகிறது. ஓவியம் வராது என்று ஒதுங்கி நிற்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

அதனால்தான் ஒட்டுச்சித்திரத்தை முதலிடத்தில் வைக்கிறேன். சாதாரண சார்ட் பேப்பர் 22 அங்குல அகலமும் 28 அங்குல நீளமும் உடையது. அதாவது, சுமார் 56-க்கு 71 சென்டிமீட்டர். அகலவாட்டில் 2 சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டினால் ஒரு தாளில் 35 பட்டைகள் கிடைக்கும்; ஒவ்வொரு பட்டையும் 28 சதுரங்களாகும். கிரீப்பர் முகத்தின் எளிய வடிவத்தில் கண்களுக்கு 8, வாய்ப்பகுதிக்கு 12 என 20 கறுப்புச் சதுரங்களும், மீதி 44 பச்சைச் சதுரங்களும் வேண்டும். ஆகவே ஒரு குழந்தைக்கு இளம்பச்சையில் ஒரு பட்டை, கரும்பச்சையில் ஒரு பட்டை, கறுப்பில் ஒரு பட்டை கொடுத்தால் போதும். சில சதுரங்கள் மிஞ்சவும் செய்யும். பத்துக் குழந்தைகளுக்கும் சேர்த்து மூன்று சார்ட் தாள்கள் தாராளம். தாள் ஒன்று 10 முதல் 15 ரூபாய்க்குக் கிடைக்கும். இருவருக்கு ஒரு பசைக்குச்சி என்று வாங்கினாலும் மொத்தம் 200 ரூபாயை ஒட்டியே நிற்கும். பெரியவர் முந்தைய நாள் மாலையில் பட்டைகளை வெட்டிவைத்து, ஏ4 தாள்களில் 16 சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டத்தை வரைந்து வைத்துவிட வேண்டும். பட்டையைச் சதுரங்களாக நறுக்குவதை முனை மழுங்கிய கத்தரிக்கோலால் குழந்தைகளே செய்வார்கள். இரண்டு பச்சைகளையும் எந்த வரிசையில் கலப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரக் கூடாது. விளையாட்டிலும் அந்தப் பச்சை திட்டுத்திட்டாகத்தான் இருக்கும் என்பதால் எந்தக் கலவையும் தவறாகாது. ஒருவர் முகம் மற்றவர் முகத்தைப் போல இருக்காது. கட்டத்தில் வேறு முகத்தை அமைக்கிறேன் என்று ஒரு குழந்தை கேட்டால் அதையும் உடனே அனுமதித்துவிட வேண்டும்.

இதற்கு நேரான போட்டி அட்டைப்பெட்டித் தலை. தலையில் மாட்டிக்கொண்டு ஓடலாம், படம் எடுக்கலாம், நாடகம் ஆடலாம். அந்த மகிழ்ச்சிக்கு முன் சுவரில் ஒட்டும் சித்திரம் ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மளிகைக் கடையில் கேட்டால் பெட்டி சும்மாவே கிடைக்கும். ஆனால் கடைப்பெட்டிகள் பெரும்பாலும் நீள்செவ்வகங்கள். கட்டைத் தலைக்கு எல்லாப் பக்கமும் சமமான கனசதுரம் வேண்டும். 32 சென்டிமீட்டர் பக்கமுள்ள பெட்டி அமைந்தால் ஒவ்வொரு சதுரமும் 4 சென்டிமீட்டராக வந்து கணக்குப் பொருந்தும். அப்படிப் பத்துப் பெட்டிகள் ஒரே கடையில் அமைவது அரிது. பெட்டியை அளவாக வெட்டி மறுபடி ஒட்டுவதும், கண்ணுக்குத் துளை போடுவதும் பிளேடு வேலை என்பதால் அத்தனையும் பெரியவர் தலையில் விழும். போஸ்டர் கலர் பூசினால் காயும் வரை காத்திருக்க வேண்டும். காய்வதற்குள் மாட்டிக்கொண்டால் பண்டிகைச் சட்டையிலும் முடியிலும் பச்சை ஏறும். நான்கைந்து பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள், மொட்டை மாடியோ முற்றமோ இருக்கிறது என்றால் இதுவே சிறந்தது என்பேன். பத்துப் பேருக்கு என்றால் வேண்டாம். பிறந்தநாள் குழந்தைக்கு மட்டும் ஒன்றை முன்கூட்டியே, அந்தக் குழந்தையோடு சேர்ந்து செய்துவைத்து, வந்தவர்கள் முறைவைத்து மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளச் செய்யலாம்.

உருக்கி ஒட்டும் மணிகளை ஹாமா, பெர்லர் போன்ற பெயர்களில் விற்கிறார்கள். 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணிகளைச் சிறு முளைகள் கொண்ட பலகையில் அடுக்கி, மேலே பட்டர் பேப்பர் வைத்து அயர்ன் பாக்ஸால் தேய்த்தால் மணிகள் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். வீட்டுக்குப் போனபின் அதிக நாள் நிலைப்பது இதுதான். 64 மணிகளில் அமையும் கிரீப்பர் முகம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அளவில் சாவிக்கொத்துக்குப் பொருத்தமாக இருக்கும். இருந்தும் விருந்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைக்கு ஒன்று வீதம் பலகை வாங்கினால் செலவு தாள் வேலையைவிடப் பல மடங்கு ஆகிறது. அயர்ன் பாக்ஸைப் பெரியவர் ஒருவரே கையாள வேண்டியிருப்பதால், பத்துப் பிள்ளைகளும் ஒரு மேசையைச் சுற்றிச் சூடான பெட்டிக்கு அருகில் வரிசையில் நிற்பார்கள். அடுக்கிய பலகையை யாராவது தட்டிவிட்டால் மொத்தமும் சிதறும். தம்பி தங்கைகளாக மூன்று வயதுக்கு உட்பட்டோர் உடன் வந்தால், தரையில் கிடக்கும் மணி வாய்க்குள் போகும் ஆபத்தும் சேர்கிறது. வீட்டில் ஓரிரு பிள்ளைகள் விடுமுறையில் நிதானமாகச் செய்வதற்கு இது அருமையான வேலை.

அச்சிட்டு மடிக்கும் காகிதப் பொம்மைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெராக்ஸ் கடையில் வண்ண அச்சுக்குப் பக்கத்துக்குப் பத்து ரூபாய் அளவில் ஆகும்; மெல்லிய தாளில் மடித்தால் நிற்காது, தடித்த தாளில் சின்ன விரல்களால் மடிக்க வராது. வந்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டில் வெட்டி, கோட்டில் மடித்து, சொன்ன இடத்தில் ஒட்டுவது வேறொருவர் முடித்துவைத்த பொம்மையைப் பூட்டும் வேலை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தத் துல்லியமே பிடித்துப்போகலாம். ஏழு, எட்டு வயதில் பாதிப்பேர் அம்மாவையோ சித்தியையோ கூப்பிடுவார்கள்.

வயது கலந்து வரும் கூட்டத்துக்கு மைன்கிராஃப்டோடு பழைய விளையாட்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேன் பொருந்தும்: காகிதத் தட்டுக்கு மஞ்சள் கிரேயான் தீட்டி வாய்க்காக ஒரு முக்கோணத் துண்டை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது, விளையாட்டில் அதைத் துரத்தும் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், ஆரஞ்சு நிறப் பேய்கள் நான்கையும் மிச்ச சார்ட்டில் வெட்டிக்கொள்ளலாம். முன்னதாக முடித்துவிட்டுச் சலிப்படையும் பெரிய பிள்ளைகளுக்கு, 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் நல்ல துணை. நான்கு சதுரங்களாலான ஏழு வடிவங்களையும் சார்ட்டில் வெட்டச் சொல்லி, அந்த ஏழையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி இடைவெளியில்லாத செவ்வகம் ஒன்றை அமைக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது: சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பு வெள்ளையாகக் கட்டங்களை எண்ணினால், டி எழுத்து வடிவம் மட்டும் ஒரு நிறத்தில் மூன்றையும் மற்றதில் ஒன்றையும் மூடும், மற்ற ஆறும் இரண்டிரண்டாக மூடும், 28 கட்டச் செவ்வகத்திலோ இரு நிறமும் சமம். இரண்டு தொகுதிகளைக் கலந்தால் அந்தத் தடை நீங்கிவிடும், செவ்வகமும் அமையும். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இதோடு கேக் வெட்டும் வரை உட்கார்ந்திருப்பார்கள்.

ஒட்டுச்சித்திர வேலையைக் கேக் வெட்டுவதற்கு முன்பே வைத்துக்கொள்வது நல்லது. கிரீம் பட்ட கையோடு தாளில் உட்கார்ந்தால் சதுரங்கள் கையில் ஒட்டும், கட்டத்தில் ஒட்டாது. சித்திரம் முடிந்ததும் பின்பக்கம் குழந்தையின் பெயரைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும், ஏனெனில் பத்துக் கிரீப்பர்களைக் கலந்து அடுக்கிவிட்டால் புறப்படும் நேரத்தில் யாருடையது எது என்பதில் சண்டை வரும். ஒரு கெட்டியான அட்டையில் ஒட்டி, பின்னால் நூல் கட்டிக் கொடுத்தால் தனியாக ரிட்டர்ன் கிஃப்ட் வாங்கும் செலவும் குறைகிறது.